பதில்: சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இலவச வக்கீல் கிடைக்குமா?

கிடைக்கும். கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட உங்கள் அக்காவுக்கு இலவச வக்கீல் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்; அவருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்பது தடையே இல்லை. இலவச சட்ட உதவிக்கான 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றுக்காக தாலுகா ஆபீஸ் அலைய வேண்டாம்.

இலவச வக்கீலுக்கு மனு கொடுக்க வேண்டிய வட்ட சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வெள்ளைத்தாளில் மனு, ஆதார் நகல், திருமணத்துக்கு ஆதாரம், குழந்தையின் பிறப்புச் சான்று போதும். போகும் முன் சட்ட உதவி எண் 15100க்கு ஒரு போன் போடுங்கள்.

ஜீவனாம்ச மனுவை அக்கா இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வழக்கு இழுப்பது பெரும்பாலும் இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானத்தை உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில்தான். கணவர் வேலை பார்க்கும் இடம், வங்கி, வண்டி விவரங்களை இப்போதே திரட்டுங்கள். அக்கா சம்பளத்தை மறைக்கவே கூடாது, குறுக்கு விசாரணையில் அதுவே வினையாகும்.

நியமித்த வக்கீல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், ஆளை மாற்றித் தருவார்கள்.