காசியில் நண்பர் வீடா, கங்கைக்கரை அறையா?

கேள்வி: நவம்பரில் நானும் மனைவியும் காசிக்குப் போகிறோம். மூன்று இரவு தங்கல். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் பக்கம் பழைய நண்பர் குடும்பம் இருக்கிறது. "ஹோட்டல் எதற்கு, எங்கள் வீட்டிலேயே தங்குங்கள்" என்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. என்ன செய்யலாம்?

பதில்: முதல் இரண்டு இரவு கங்கைக்கரைப் பக்கம், கடைசி இரவு நண்பர் வீடு. இப்படிச் சொன்னால் நண்பரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நண்பர் வீட்டிலிருந்து விசுவநாதர் கோயில் சில கிலோமீட்டர்தான். ஆனால் மாலையில் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள கோதௌலியா நாற்சந்தியில் வண்டி நகராது, அதற்கு அப்பால் பெரும்பாலும் நடைதான். காசியைப் பார்க்க வேண்டியதே விடியற்காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும். இரண்டுக்கும் நண்பர் வீட்டிலிருந்து வந்து போனால் நாள் ரோட்டிலேயே கரைந்துவிடும். கூட அலையும் நண்பரும் பாவம்.

அறையை ஹனுமான் காட், கேதார் காட் படித்துறைகள் பக்கம் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி என்பதால் மொழிச் சிக்கல் குறைவு. பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் ஹனுமான் காட்டில்தான் இருக்கிறது. குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் கேதார் காட்டில். ஆற்றைப் பார்த்த அறை என்றதும் மயங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். "ஆட்டோ எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி?" என்று முதலில் கேளுங்கள். சந்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் செங்குத்தான படிகளில் ஏறி இறங்குவதும் முழங்காலுக்கு ஆகாது.

விசுவநாதர் கோயில் வளாகம் 2021 டிசம்பரில் விரிவாக்கித் திறக்கப்பட்ட பிறகு கங்கைக்கரையிலிருந்தே ஏறிப் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் படிகள் அதிகம். நீங்கள் சாலைப் பக்கம் இருக்கும் 4ஆம் எண் வாசலுக்குப் போங்கள். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், லாக்கர் தருகிறோம் என்று கூப்பிடும் கடைக்காரர் பூஜைத் தட்டையும் தலையில் கட்டிவிடுவார்.

தசாசுவமேத காட் ஆரத்திக் கூட்டத்தில் வெகுநேரம் நிற்க வேண்டாம். மூன்றாம் நாள் மாலை நண்பர் குடும்பத்தோடு அஸ்ஸி காட் ஆரத்திக்குப் போங்கள். அவர்கள் வீட்டுக்குப் பக்கம், நெரிசலும் குறைவு. மறுநாள் விடியலிலும் அதே இடத்தில் ஆரத்தியும் சங்கீதமும் உண்டு. திரும்பும் வழியில் கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் புது விசுவநாதர் கோயிலைப் பார்த்துவிடலாம்.

சாரநாத்துக்கு அரை நாள் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அசோகர் தூணின் சிங்கத்தலை இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

டிக்கெட் எடுக்கும் முன் பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். வடநாட்டுக் கணக்கில் வரும் கார்த்திகைப் பௌர்ணமியன்று, கரையெங்கும் விளக்கேற்றும் தேவ் தீபாவளி. கரையோர அறை வாடகை எகிறிவிடும், வண்டிகளையும் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் பயணம் அந்தத் தேதியில் விழுந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டு மூன்று இரவும் நண்பர் வீட்டிலேயே தங்குங்கள்.