டெக்கண்ணன் பதில்கள்: அடுப்பில் கால் வைத்த மோகினி

பொகவந்தலாவையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்: நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னாலே எங்கள் தாத்தா "விட்டலாச்சார்யா படம் காட்டாதே" என்கிறார். யார் மாமா அவர்? மந்திரவாதியா?

உங்கள் தாத்தா நம்ம ஆள் போலிருக்கிறது மகள். அவரிடமே கேட்டிருந்தால் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லியிருப்பார். சரி, நான் சொல்கிறேன்.

பி. விட்டலாச்சார்யா சினிமா இயக்குநர், தயாரிப்பாளர். 1920இல் கர்நாடகத்தில் உடுப்பிப் பக்கம் பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. சின்ன வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, அரசிகெரேயில் எடுபிடி வேலை பார்த்து, அப்புறம் அங்கேயே சாப்பாட்டுக் கடை நடத்தினார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். வெளியே வந்ததும் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கூட்டாளிகளோடு ஒரு டூரிங் டாக்கீஸ் வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிற தொழில். ராத்திரி தங்குவதும் கூடாரத்தில்தான். வருகிற படம் ஒன்றையும் விடமாட்டார். சினிமா அவருக்கு அப்படித்தான் பிடிபட்டது.

அந்தக் கூடாரத்தை மறந்துவிட்டு விட்டலாச்சார்யாவைப் பற்றி எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. படம் போடுகிறவனுக்குத் திரையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் தெரியும். எந்தக் காட்சியில் ஆம்பிளைகள் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள், எந்தக் காட்சியில் அம்மாமார் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொள்கிறார்கள் என்று அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். எண்பதுகளில் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து டெக் என்கிற வீடியோ கெசட் ஓட்டும் பெட்டி, டிவி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வேனில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போனவன் நான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் மேசை போட்டு டிவியை ஏற்றுவோம். தூறல் விழுந்தால் கொழுந்தெடுக்கிற அக்காமார் இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்றை வாங்கி, கண்ணாடி மட்டும் தெரிகிற மாதிரி டிவிக்குப் போர்த்துவோம். திருவிழா என்றால் விடிய விடிய மூன்று படம். முதலில் சாமி படம், நடுவில் எம்.ஜி.ஆர். பனி இறங்கி, பாதிச் சனம் கம்பளிக்குள் தலையைக் கொடுத்துவிடும் நேரத்துக்கென்று எடுத்து வைக்கிற கெசட் விட்டலாச்சார்யாவுடையது. ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டி ஒரு மோகினி சிரிப்பாள். அவ்வளவுதான், ஒரு கம்பளியும் மூடியிருக்காது.

மற்றதைச் சுருக்கிச் சொன்னால்: மைசூரில் நண்பர்களோடு மகாத்மா பிக்சர்ஸ் தொடங்கிக் கன்னடப் படங்கள் எடுத்தார். 1953இல் விட்டல் புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி. பிறகு சென்னைக்கே குடிவந்து தெலுங்கில் இறங்கினார். குடும்பக் கதையும் எடுத்திருக்கிறார், ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது ராஜா, மந்திரவாதி, வாள் சண்டைதான். என்.டி.ராமராவும் காந்தாராவும் அவர் படங்களில் வாள் வீசினார்கள். ராமராவ் நடித்த 'பந்திப்போட்டு' வந்தது 1963இல். உங்கள் தாத்தா சொல்கிற ரகத்தின் உச்சம் 1978இல் வந்த 'ஜகன்மோகினி'. தெலுங்கில் எடுத்து, தமிழில் குரல் மாற்றி வந்து ஓட்டமாய் ஓடிய படம். 1999இல் காலமானார்.

ராகலையிலிருந்து, போன் திருத்தும் கடை வைத்திருப்பவர்: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஆளை மறைய வைப்பது, கையை நீட்டுவது எல்லாம் எப்படிச் செய்தார்கள் அண்ணே?

மறைய வைப்பது சுலபம் தம்பி. கேமராவை அசையாமல் நிறுத்தி ஆளைப் படம் பிடி. கேமராவை நிறுத்து. எல்லோரும் நின்ற இடத்தில் சிலையாக நிற்க, மறைய வேண்டிய ஆள் மட்டும் வெளியே போகட்டும். மறுபடி ஓட்டு. மறைந்தாயிற்று! போகும்போது யார் தலையாவது ஆடியிருந்தால் படத்தில் ஒரு வெட்டுத் தெரியும். பழைய படங்களை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அந்த வெட்டைக் கண்டுபிடிக்கலாம். புகை போடுவது பாதி அதை மறைக்கத்தான்.

ஒரே நடிகர் இரண்டு பேராக வர வேண்டுமா? லென்சுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அட்டையை மற்றப் பாதிக்கு மாற்றி மறுபக்கம் எடுப்பார்கள். சுற்றுவதில் கணக்குப் பிசகினால் அந்தப் பிலிம் குப்பைக்கு. பறந்து வந்து கையில் ஒட்டுகிற வாள், கையிலிருந்து விழுவதைப் பின்னோக்கி ஓட்டியதாக இருக்கும்.

ஆனால் தந்திரக் காட்சியைவிட எழுத்துதான் பெரிது என்பது என் கட்சி. 'ஜகன்மோகினி'யில் எல்லோரும் சொல்கிற காட்சி எது? அடுப்பில் விறகுக்குப் பதிலாக மோகினி தன் காலையே வைத்துச் சமைக்கிறாள். மலை இல்லை, குகை இல்லை, அடுப்படி. அந்தக் காட்சி ஓடும்போது ஒரு தோட்டத்தில் பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள்: "இவ நம்ம லயத்துக்கு மருமகளா வந்தா வெறகுக்கு அலைய வேணாமே!" களம் முழுக்கச் சிரிப்பு. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், அடை மழைக் காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு அந்த அடுப்பு வேறு மாதிரித்தான் தெரியும். சிரித்த அதே பெண்கள் படம் முடிந்ததும் தனியாக லயத்துக்குப் போகமாட்டோம் என்று நின்றார்கள், அது வேறு கதை.

இன்னொன்றும் சொல்வார்கள். சொன்ன தேதிக்கு வராமல் நடிகர் இழுத்தடித்தால், முனிவர் சாபம் என்று ஒரு காட்சி எழுதி அவரைக் கிளியாகவோ குரங்காகவோ ஆக்கிவிட்டு மிச்சப் படத்தை முடித்துவிடுவாராம். எவ்வளவு உண்மையோ, கேட்க நன்றாக இருக்கிறது. குடும்பக் கதை எடுக்கிறவருக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

தலவாக்கலையிலிருந்து ஆசிரியர் ஒருவர்: பாமர மக்களிடம் மூடநம்பிக்கையை வளர்த்தவரைக் கொண்டாடுவது சரியா?

சேர், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் எந்திரத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி என்று எங்கள் சனம் கும்பிட்டது எந்தப் படத்தையும் பார்த்து இல்லை. காமன் கூத்தில் மன்மதன் எரிவதையும் ரதி அழுவதையும் விடிய விடியப் பார்த்தவர்களுக்குக் கதை எது, பிழைப்பு எது என்று தெரியும்.

அவர் மேல் எனக்கு வேறொரு வழக்கு உண்டு. 'ஜகன்மோகினி'யில் ராஜா ஒருவன் ஒரு பெண்ணை ஆசை காட்டி ஏமாற்றுகிறான். அவள் உயிரை விட்டுப் பேயாகிறாள். அவனோ மறுபிறவியில் கதாநாயகனாக வந்து, பக்தியுள்ள மனைவியின் தயவில் தப்பிக்கிறான். ஏமாந்தவள் பேய், ஏமாற்றியவன் நாயகன்! அந்த நியாயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் அந்தக் காலத்தில் கேட்கவில்லை, கெசட்டை மாற்றுகிற அவசரம். நீங்கள் வகுப்பில் கேளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து இளைஞர் ஒருவர்: போனிலேயே ஒரு பேய்ப்படம் எடுக்க நினைக்கிறோம். பழைய துரை பங்களா ஒன்று கிடைக்கும். மலையகத்தில் இதெல்லாம் எடுபடுமா?

ஏன் எடுபடாது? வெளியார் வந்து நம் பக்கத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் கித்துல்கலையில்தான் 1957இல் வந்த குவாய் நதிப் பாலத்துப் படத்துக்குப் பாலம் கட்டி உடைத்தார்கள். சிறுவனாக அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததாகவும், அதன் இயக்குநர் டேவிட் லீன் 'மழை' என்று கத்தியதும் மழை கொட்டியதாகவும் மட்டக்களப்பில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். 1984 இண்டியானா ஜோன்ஸ் படத்துக்குக் கண்டிப் பக்கம் தொங்குபாலமே கட்டினார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை: வி.பி.கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இலேயே வந்துவிட்டது.

ஆனால் தம்பி, பங்களாவை விடுங்கள். வெள்ளைக்காரத் துரையின் ஆவி, வெள்ளைச் சேலை, மாடிப்படி, இதெல்லாம் எல்லோரும் எடுத்தாயிற்று. உங்கள் லயத்துக் கடைசி அறையான காம்பிரா, ராத்திரி வேலைக்கு ஆள் போகிற ஸ்டோர், மூடுபனியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே என்று அப்பாயி சொன்னது, இதில் ஒன்றை எடுங்கள். பேய்க்கு ஒரு சட்டம் வையுங்கள்: எதைச் செய்யும், எதைச் செய்யாது. அதை நடுவில் மாற்றாதீர்கள். பனியை நம்பித் திட்டம் போடாதீர்கள், வேண்டிய நாளில் வராது. ஸ்டோருக்குள் எடுப்பதென்றால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கதையை இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தபாலில் அனுப்புங்கள், படிக்கிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வேண்டாம். போன மாதம் நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் அப்படி அனுப்பினார்; பேய் வருவதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.