சைக்கிளுக்கும் டிக்கெட்டா?

கேள்வி: சென்னையிலிருந்து சண்டிகர் வரை விமானம், பிறகு மணாலி – லே சாலையில் சைக்கிள். விமானத்தில் சைக்கிளுக்குத் தனியாகப் பணம் கேட்பார்களாமே, தப்ப வழி உண்டா? (வாசகர், தாம்பரம்)

பதில்: சில நிறுவனங்கள் ‘விளையாட்டுச் சாமான்’ என்று தனிக் கட்டணம் போடும், சில, வழக்கமான லக்கேஜ் எடையிலேயே சேர்த்துக்கொள்ளும். ஆகவே டிக்கெட் விலையோடு சைக்கிள் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

அடுத்தது எடை. உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். உங்கள் சைக்கிளே 13 கிலோ இருக்கும். கடினமான பிளாஸ்டிக் பெட்டி மட்டுமே 10 கிலோவைத் தாண்டும்; அதை மறந்துவிடுங்கள். சைக்கிள் கடைக்குப் புது வண்டி வந்திறங்கும் அட்டைப்பெட்டியைக் கேளுங்கள், 3, 4 கிலோவோடு முடியும். ஹெல்மெட், ஷூ, ஜாக்கெட் கைப்பைக்குப் போகட்டும். ஸ்பேனர், ஆலன் கீ மட்டும் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். அப்படியும் மிஞ்சும் கிலோவுக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடுங்கள். கவுன்ட்டரில் அதே கிலோவுக்கு விலை வேறு.

கேள்வி: எதையெல்லாம் கழற்ற வேண்டும்? டயர் காற்றை முழுக்க இறக்கணுமா? (வாசகி, மதுரை)

பதில்: பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர். இடது பெடலின் மரை எதிர்த்திசை. தெரியாமல் முறுக்கினால் இன்னும் இறுகும். ஸ்பேனரை மேல்பக்கம் வைத்துப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள், இரண்டும் கழலும். கியர் மாற்றும் பின் டெரெய்லரை 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றி, துணி சுற்றி, சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் அடி வாங்குவது அதைத் தாங்கும் ஹேங்கர்தான். அது வளைந்தால் கியர் ஒழுங்காக விழாது, செயின் ஸ்போக்குக்குள் பாயும். மாடலுக்கு மாடல் ஹேங்கர் வேறு என்பதால் மலைப்பாதையில் கிடைக்காது. ஒன்று உபரியாக எடுத்துப்போங்கள்.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க் கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக் முட்டு கொடுங்கள், கடையில் சும்மாவே கிடைக்கும். இல்லையென்றால் மேலே ஏறும் பெட்டிகளின் பாரத்தில் கால்கள் உள்ளே நசுங்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கா? பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். வழியில் லீவர் அமுங்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிறகு சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் நுழையாது.

உயரே காற்றழுத்தம் குறைந்து டயர் வெடிக்கும் என்பது வீண் பயம். வெளியே காற்றே இல்லாவிட்டாலும் கூடுவது 14.7 பிஎஸ்ஐ அழுத்தம்தான். சரக்கு அறையிலோ காற்றழுத்தம் உண்டு. ஆனாலும் காற்றை இறக்கச் சொன்னால் கவுன்ட்டரில் வாதாடி ஜெயிக்க முடியாது. பாதி இறக்குங்கள், ரிம்முக்கு மெத்தையாக மீதி இருக்கட்டும்.

கேள்வி: மடிப்பு சைக்கிள், மின்சார சைக்கிள்? (வாசகர், திருச்சி)

பதில்: பல பன்னாட்டு விமானங்களில் நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. வரை சாதாரணப் பெட்டிதான். பிராம்ப்டன் என்ற மடிப்பு சைக்கிள் மடித்தால் 64.5, 58.5, 27, மொத்தம் 150. உறைக்கு 8 செ.மீ. மிஞ்சும்.

மின்சார சைக்கிளுக்கு வழியில்லை. 100 வாட்-மணி கொள்ளளவு வரைதான் பேட்டரிக்குத் தடையில்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் 300-க்கு மேல். போகிற ஊரில் வாடகைக்கு எடுங்கள்.