செங்கழுகு டிவிஷன் 1962ல ஏன் உடைஞ்சது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணே,

1944ல இத்தாலில நடந்த காசினோ மலைச் சண்டை பத்தி நீங்க எழுதினத படிச்சேன். அதுல சண்டை போட்ட நாலாவது இந்தியன் டிவிஷன்தானே 1962 சீனா சண்டைல சேலா கணவாய விட்டுட்டு இறங்கி ஓடினது? அவ்ளோ பேர் வாங்கின டிவிஷன் எப்படிண்ணே இப்படி ஆச்சு? வெள்ளைக்கார ஆபீசருங்க போனதாலதான்னு எங்க மாமா அடிச்சு சொல்றாரு. அதுல நம்மூர் ஆளுங்க இருந்தாங்களா?

ஒரு வாசகர், திருச்சி

வணக்கம் தம்பி,

உங்க மாமாகிட்ட இதே டிவிஷன்ல இருந்த ரிச்பால் ராம் பத்தி சொல்லுங்க. 1941 பிப்ரவரி, எரித்ரியால கெரன் மலை, கம்பெனி கமாண்டர் அடிபட்டு விழுந்ததும் சுபேதாரா இருந்த இவர் பொறுப்பெடுத்து மேல ஏறி, இத்தாலிக்காரங்க ஆறு தடவ திருப்பி அடிச்சும் தோட்டா தீர்ற வரைக்கும் நின்னாரு, சில நாள்லயே இன்னொரு தாக்குதல்ல செத்தும் போனாரு. விக்டோரியா கிராஸ் அதுக்குத்தான். நம்மூர் ஆளுங்களும் இருந்தாங்க, ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரில இத்தாலில மிக்னானோ பக்கம் கண்ணிவெடி எடுக்கறப்போ ஒன்னு வெடிக்கப்போகுதுன்னு தெரிஞ்சதும் கூட இருந்தவங்கள காப்பாத்த அது மேலயே பாய்ஞ்ச சுபேதார் சுப்ரமணியம் அவங்கள்ல ஒருத்தர், செத்த பிறகு ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க.

உங்க முக்கியமான கேள்விக்கு வரேன். டிவிஷன்ங்கறது ஒரு நம்பரும் தோள்ல தைக்கற சின்னமும்தான் (இதுக்கு செங்கழுகு), உள்ள இருக்கற பட்டாலியன் மாறிக்கிட்டே இருக்கும். 1947ல நாடு பிரிஞ்சப்போ காசினோல சண்டை போட்ட 4/16 பஞ்சாப் பட்டாலியன் பாகிஸ்தானுக்குப் போச்சு, 1/9 கூர்க்கா நமக்கு வந்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம் முழுக்க இந்த டிவிஷன வச்சுத்தான் பஞ்சாப் பவுண்டரி ஃபோர்ஸ்னு ஒன்ன ஜெனரல் ரீஸ் தலைமைல போட்டு, 12 மாவட்டத்துல நடந்த வெட்டுக்குத்த தடுன்னு விட்டாங்க, எந்தப் படையாலயும் முடியாத வேலை, ஒரே மாசத்துல கலைச்சாங்க.

அப்புறம் அம்பாலா. மேஜர் ஜெனரல் கவுல் கமாண்டரா இருந்தப்போ ஜவான்கள வச்சே குவார்ட்டர்ஸ் கட்டினாங்க, நேரு சந்தோஷப்பட்டாரு, கவுல் மேல மேல போனாரு. (எனக்கு இந்த ஆள் மேல இருக்கற கோபம் சீனாக்காரன் மேல கூட கிடையாது.) பஞ்சாப் சமவெளிக்குப் பழகின டிவிஷன தூக்கி நேஃபா (இப்போ அருணாச்சலப் பிரதேசம்) மலைல போட்டாங்க. 1962 அக்டோபர்ல இந்த டிவிஷனோட 7வது பிரிகேட் (சில பட்டாலியன் சேர்ந்தது) நம்கா சூ ஆத்தங்கரைல நிக்குது, எதிர்க்கரைல தக்லா மேட்டுல இருந்து சீனாக்காரன் இவங்க டென்ட எண்ணலாம், பருத்தி யூனிஃபார்ம், ஆளுக்கு அம்பது ரவுண்டு தோட்டா. இடம் சரியில்லன்னு பிரிகேடியர் தால்வி சொல்லிக்கிட்டே இருந்தாரு, டெல்லி கேக்கல. 20ஆம் தேதி காலைல பிரிகேட் அழிஞ்சது. காசினோல ஹேங்மேன்ஸ் ஹில்ல பத்து நாள் தொங்கிக்கிட்டு நின்ன அதே 1/9 கூர்க்காவும் அதுல இருந்துச்சு, அவங்களுக்கா தைரியம் பத்தல?

நீங்க கேட்ட சேலா அதுக்கு அடுத்த மாசம். அங்க, திராங்ல, பொம்டிலால இருந்தது 62, 65, 48 பிரிகேட்ங்க, எல்லாம் அவசரத்துல கொண்டு வந்து ஒட்டினது. டிவிஷனோட பழைய பிரிகேட் 5, 7, 11ல ஒன்னு கூட அங்க இல்ல. சேலால நின்னு அடிக்க இடம் இருந்துச்சு, ஆனா பின்னாடி ரோட சீனாக்காரன் வெட்டிட்டான்னதும் மேல இருந்தவங்க ஆடிப்போய் பின்வாங்கச் சொன்னாங்க, அந்தப் பின்வாங்கல்லதான் ஆளுங்க செத்தது, பிரிகேடியர் ஹோஷியார் சிங் உள்பட.

1965 பாகிஸ்தான் சண்டைல அதே நம்பர், இப்ப மவுண்டன் டிவிஷன், ஆனா நின்னது பஞ்சாப் வயல்ல. மொதல் ரெண்டு நாள் தாக்குதல் படு சொதப்பல், சிலர் ஓடியே போனாங்க. ஜெனரல் குர்பக்ஷ் சிங் மிச்சம் இருந்தவங்கள இழுத்துக்கிட்டு அசல் உத்தர்ல குதிரை லாட வடிவத்துல குழி வெட்டி உக்காந்து, கரும்பு வயல்ல தண்ணிய தொறந்து விட்டாரு. வெள்ளைக்கார ஆபீசர் யாரும் கிடையாது. வந்த பாகிஸ்தான் பேட்டன் டேங்க்குங்க சேத்துல சிக்கி நின்னுச்சு, சுத்தி இருந்தவங்க ஒன்னொன்னா அடிச்சாங்க.