முந்தைய படிப்பால் கட்டணக் கடன் மறுப்பு: மேல்முறையீடு

நீங்கள் முன்பு இரண்டு ஆண்டுகள் படித்ததாகக் கணக்கிட்டு, இங்கிலாந்தில் இப்போது சேரும் மூன்றாண்டுப் படிப்பின் முதலாண்டுக்குக் கல்விக் கட்டணக் கடனை மறுத்திருக்கிறார்கள். முந்தைய படிப்பை உடல்நலக் குறைவால் விட்டீர்கள் என்றால், "தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணம்" என்ற அடிப்படையிலேயே மேல்முறையீடு செய்யுங்கள். ஏற்றுக்கொண்டால் ஓராண்டுக் கடன் கூடுதலாகக் கிடைக்கும்.

மறுப்புக்குக் காரணம் கணக்குதான். இங்கிலாந்து விதிப்படி, படிப்பின் நீளத்துடன் ஓராண்டைக் கூட்டி, முன்பு படித்த ஆண்டுகளைக் கழிப்பார்கள். உங்களுக்கு 3 + 1 − 2 = 2 ஆண்டுகளுக்கே கடன். அதைக் கடைசி ஆண்டுகளுக்கே தருவார்கள்; அதனால்தான் முதலாண்டு விடுபட்டது.

பழைய பல்கலைக்கழகம் பதிவுசெய்த விலகல் தேதியை முதலில் பாருங்கள். ஓராண்டில் சில வாரங்களே படித்திருந்தாலும் அது முழு ஆண்டாகவே கணக்கில் ஏறும். இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன்பே விலகியிருந்தால், தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். மேல்முறையீடே தேவைப்படாமல் போகலாம்.

மருத்துவர் கடிதத்தில் "உடல்நலமில்லை" என்ற ஒற்றை வரி போதாது. எந்த மாதங்களில் நோய், அதனால் படிப்பு எப்படி நின்றது என்று இருக்க வேண்டும். என் தங்கை இரண்டாவது கடிதம் வாங்க அலைந்ததைப் பார்த்தவன் என்பதால் வற்புறுத்துகிறேன்.

ஆனால், காரணம் உண்மையாக இருந்தாலும் ஒப்புதல் உறுதியில்லை. முடிவு வரும்வரை வாழ்க்கைச் செலவுக் கடனை விட்டுவிடாதீர்கள். முந்தைய படிப்பு அதைப் பெரும்பாலும் பாதிக்காது.