சிகிச்சை அளித்த உளவியலாளரே நிபுணர் சாட்சியாக வரலாமா?

கேள்வி: மேலதிகாரியின் பாலியல் தொந்தரவைப் பற்றி எட்டு மாதங்கள் கழித்துத்தான் புகார் கொடுத்தேன். அந்த இடைக்காலத்தில் நான் அவருக்கு இயல்பாகப் பதில் அனுப்பிய குறுஞ்செய்திகளை எதிர்த்தரப்பு இப்போது நீதிமன்றத்தில் காட்டுகிறது. எனக்குச் சிகிச்சை அளித்துவரும் உளவியலாளரை நிபுணர் சாட்சியாக அழைத்தால், நான் சொல்வது உண்மை என்று நிரூபணமாகிவிடுமா?

பதில்: நிரூபணமாகாது. உங்கள் உளவியலாளரை நிபுணராக நிறுத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். உளவியல் சாட்சியம் எதற்குப் பயன்படும் என்பதைத் தெரிந்துகொண்டால், அதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவி பெரியது.

ஒரு சாட்சி உண்மை பேசுகிறாரா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. 'இவர் பொய் சொல்லவில்லை' என்று கூறும் அறிவியல் முறை எதுவும் உளவியலில் இல்லை. அப்படிக் கூற முன்வரும் நிபுணரை நம்பி வழக்கை நடத்தாதீர்கள். நிபுணர் சொல்லக்கூடியவை இரண்டு: இத்தகைய சூழலில் மனிதர்கள் பொதுவாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது ஒன்று, குறிப்பிட்ட ஒருவருக்கு என்ன மனப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது, அது எதனோடு தொடர்புடையது என்பது மற்றொன்று.

உங்கள் வழக்குக்கு முதலாவதுதான் அதிகம் தேவைப்படும் என்று கருதுகிறேன். இரவு பத்து மணிக்கு வந்த வரம்பு மீறிய செய்தி ஒன்றுக்கு, 'நன்றி சார், நாளை அலுவலகத்தில் பேசலாம்' என்று ஒருவர் பதில் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு விசாரணையில் அந்த வரி மட்டும் உரக்கப் படிக்கப்படும்போது, அது சம்மதம் போலவே ஒலிக்கும். ஆனால், சம்பளமும் பதவி உயர்வும் யார் கையில் இருக்கின்றனவோ அவரைப் பகைத்துக்கொள்ளாமல் பேச்சை நாளைக்கும் அலுவலகத்துக்கும் தள்ளிவைக்கும் முயற்சி அந்த வரியில் இருக்கக்கூடும். தவிர்ப்பது, சிரித்து மழுப்புவது, பொறுத்துக்கொள்வது, நெருங்கியவரிடம் மட்டும் சொல்வது ஆகியவையே பாதிக்கப்பட்டவர்களிடம் பரவலாகக் காணப்படுகின்றன என்றும், முறையான புகார் பெரும்பாலும் கடைசி வழியாகவே அமைகிறது என்றும் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஜாக்சன்வில் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய 1991ஆம் ஆண்டு வழக்கில், பெண்கள் என்றாலே இப்படித்தான் என்று பொதுப்படையாக முடிவுகட்டும் வார்ப்பு எண்ணங்கள் பணியிடத்தில் எப்படிச் செயல்படுகின்றன என்று உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் விளக்கினார். தொந்தரவுக்குப் பெண்கள் எப்படி எதிர்வினையாற்றுகிறார்கள் என்று மற்றொரு நிபுணர் சாட்சியமளித்தார். தொந்தரவு நடந்தது என்பதற்கு இவ்வகைச் சாட்சியம் சான்றாகாது. தாமதமும் பணிவான பதிலும் மட்டுமே ஒருவரைப் பொய்யராக்கிவிடாது என்பதை அது எடுத்துக்காட்டும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். மனநோய் இருப்பதாகக் காட்டினால்தான் வழக்கு நிற்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1993இல் பணியிடப் பாலியல் தொந்தரவு பற்றிய ஹாரிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுமையான உளவியல் பாதிப்பை நிரூபிக்க வேண்டியது கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்களுக்குப் பொருந்தும் விதியை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய நோய்ப்பெயரைத் தேடி ஓடவும் வேண்டாம். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5இன்படி, மரணம், கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கோ அவற்றின் அச்சுறுத்தலுக்கோ ஆட்பட்டிருந்தால்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்ற பெயரைச் சூட்ட முடியும். சொற்களால் மட்டுமே நிகழ்ந்த தொந்தரவு இந்த வரையறைக்குள் பெரும்பாலும் வராது. பெயர் தவறென்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், உண்மையான தூக்கமின்மையும் பதற்றமும்கூடச் சந்தேகத்துக்குள்ளாகும்.

உங்கள் உளவியலாளரை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. சிகிச்சை அளிப்பவர் உங்கள் பக்கம் நிற்பவர். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டே அவர் வேலையைத் தொடங்குகிறார். நீதிமன்றத்துக்காக மதிப்பிடுபவரோ எல்லாவற்றையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்: பழைய மருத்துவப் பதிவுகள், பணி மதிப்பீடுகள், பிறரின் வாக்குமூலங்கள், மிகைப்படுத்தலைக் கண்டறியும் அளவுகோல்கள் கொண்ட உளவியல் சோதனைகள் எனப் பலவற்றை ஒப்பிட்டு, பாதிப்புக்கு வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்றும் அவர் பார்த்தாக வேண்டும். இரண்டு பொறுப்புகளையும் ஒருவரே ஏற்றால் சாட்சியமும் பலவீனப்படும், சிகிச்சையும் கெடும். நம்பிக்கையோடு நீங்கள் சொன்னதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. 'கணவருடன் மீண்டும் சண்டை' என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் துயரத்துக்கு வீடுதான் காரணம் என்று வாதிட முடியும். சிகிச்சையில் தாம் கண்டதை மட்டும் சொல்லும் சாட்சியாக அவர் வரலாம். காரணம் பற்றிய நிபுணர் கருத்தைத் தனி மதிப்பீட்டாளர் சொல்லட்டும்.

மனப் பாதிப்புக்கு இழப்பீடு கோருவதற்கு முன் ஒன்றை வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் மனநிலையை நீங்களே வழக்கின் பொருளாக்கினால், எதிர்த்தரப்பின் நிபுணரும் உங்களைப் பரிசோதிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம், பழைய சிகிச்சைப் பதிவுகளும் கேட்கப்படலாம். அமெரிக்காவில் 1994 முதல் சிவில் வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரின் பாலியல் கடந்தகாலத்தைக் கிளறுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அத்தகைய பாதுகாப்பு உங்கள் சட்டத்தில் இருந்தால், எந்தக் காலத்துப் பதிவுகள், எந்தெந்தக் கேள்விகள் என்ற வரம்பைப் பரிசோதனைக்கு முன்பே எழுத்துமூலம் கோருமாறு சொல்லுங்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.