தொப்பூர் ஏற்றத்தில் டீசல் அம்பாசடர்

நண்பரே, சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது உங்கள் 1489 சிசி டீசல் அம்பாசடர் தொப்பூர் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது, பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, தார்ச்சாலையை விட்டு ஓரத்தில் இறங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இறங்காதீர்கள். அங்கேதான் பழுதான லாரி நிற்கும், எதிரே பைக் வரும். இடது தடத்திலேயே நிலையாகப் போங்கள். பளு ஏற்றிய லாரிகளும் அதே வேகத்தில்தான் ஏறுகின்றன.

ஏற்றம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். நாலாவதில் திணறவிட்டு மாற்றினால், இழந்த வேகத்தை 37 குதிரைத்திறனில் திரும்பப் பிடிக்க முடியாது. கரும்புகை வந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அது எரியாமல் போகும் டீசல், அதனால் இழுவை அதிகமாகாது. ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை நீங்கள் திரும்பி வரும் இறக்கம்தான். எத்தனை விபத்து நடந்த இடம் அது! டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. மேலேயே மூன்றாவது கியர், செங்குத்தாக இருந்தால் இரண்டாவது போட்டு இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், ஆறட்டும்.

அப்புறம், பழைய பின்விளக்குகள் மங்கலாகத்தான் எரியும். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இரண்டு ஒட்டுங்கள். இடது பக்கக் கண்ணாடி இல்லையென்றால் இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.